எங்கள் ஸெமோ பாஷையும் ஒக்கலிபுரத்துக் கேசரியும்

பெங்களூரில் ரகசியம் பேசுவது நடக்காத காரியம். தமிழில் பேசினால் ஆட்டோக்காரருக்குப் புரியும், கன்னடத்தில் பேசினால் பூக்காரம்மாவுக்கு, உருதுவில் பேசினால் கறிக்கடைக்காரருக்கு. ஆங்கிலம் எல்லாருக்கும் புரியும். சிவாஜிநகர் துணிக்கடையில் "இந்தப் புடவை நல்லாருக்குங்க" என்று என் மனைவி சுமதி என் காதில் சொன்ன மறுநொடியே கடைக்காரர் விலையைக் குறைப்பதை நிறுத்திவிடுவார். அதனால் நாங்கள் இருவரும் சொந்தமாக ஒரு பாஷை செய்தோம். பெயர் ஸெமோ.

வைட்ஃபீல்ட் ஆபீஸுக்குப் போக வர பஸ்ஸில்தான் அதை உருவாக்கினேன். (உருப்படியானவர்கள் அந்த நேரத்தில் ஏதாவது பரீட்சைக்குப் படித்திருப்பார்கள்.) ழ, ள, ற கிடையாது, ஃப, ஸ தாராளம். தமிழ் எழுத்தில்தான் எழுதுவோம், ஆனால் ஒற்று மிகுமா மிகாதா என்ற தொல்லை இல்லை. வினைச்சொல் முதலில் வரும். அதையே இரண்டு முறை சொன்னால் கேள்வி. 'லெஃபோ' என்றால் கிளம்பு. 'லெஃபோ லெஃபோ' என்றால் கிளம்பலாமா. நீ, நீங்கள் என்ற வித்தியாசம் கிடையாது. இந்த ஒரு விதி மட்டும் சுமதி கேட்டு வாங்கியது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். தம்பி பிரபுவுக்குப் பெண் பார்க்க ஊருக்குள்ளேயே இருக்கும் ஒக்கலிபுரம் போனபோது, அப்பா அம்மா இல்லாத வீட்டில் பெரியவன் என்ற கெத்தில் நான் போய் நடுவில் உட்கார்ந்தேன். பெண் கவிதா வந்து வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். பிரபு முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, பையன் விழுந்துவிட்டான். கேசரி வந்தது. ஒரு வாய் போட்டதும் பல் கூசியது.

"ஸிமூ மிஸோ" என்றேன் சுமதியிடம். இனிப்பு அதிகம் என்று அர்த்தம்.

"லெஃபோ லெஃபோ?" என்றாள் அவள்.

பெண்ணின் அப்பா தட்டைக் கீழே வைத்தார். "வீட்ல நீங்க என்ன பேசுவீங்க? தரகர் வேலூர்ப் பக்கத்துத் தமிழ்க்காரங்கன்னுதானே சொன்னாரு?"

இந்த ஊரில் சம்பந்தம் பேசும்போது கேட்கிற முதல் கேள்வி அது. அதற்கு உண்மையைச் சொன்னால் கேசரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெண்ணின் அம்மா பக்கத்திலேயே கரண்டியோடு நிற்கிறார். "அது வந்து... எங்க பாட்டன் காலத்துப் பாஷைங்க" என்று அளந்துவிட்டேன்.

அவர் உடனே பக்கத்து வீட்டிலிருந்து ரயில்வேயில் ரிடையர் ஆன ஒருவரைக் கூட்டிவந்தார். இந்தியாவில் அவர் கேட்காத பாஷையே இல்லையாம். "மருமகளை எப்பிடிச் சொல்வீங்க?" என்றார் வந்தவர்.

கடைத்தெருவில் தேவைப்படாத சொல் என்பதால் அதை நாங்கள் செய்யவே இல்லை.

"நிபோ" என்றேன் நான். அதே நேரத்தில் சுமதி, "ஸாகூ" என்றாள்.

"ரெண்டும் சரிதான்" என்றார் ரயில்வேக்காரர். "அஸ்ஸாம் தாண்டி ஒரு மலை. மலைக்கு மேல நிபோ, கீழ ஸாகூ. டூட்டியில நெறைய கேட்டிருக்கேன்."

பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார். "பூர்வீகத்தை மறைச்சுப் பொண்ணு கேக்க வந்தீங்களா? இது சரிப்படாதுங்க."

அதுவரை வாயே திறக்காத பிரபு எழுந்து நின்றான்.

"சார், அது பாஷையே இல்ல. துணிக்கடையில பேரம் பேச அண்ணனும் அண்ணியும் சும்னே விளையாட்டாக் கட்டினது. கேசரியில சக்கரை ஜாஸ்தின்னு அண்ணன் சொன்னாரு. கெளம்பலாமான்னு அண்ணி கேட்டாங்க. எனக்குக் கெளம்ப இஷ்டமில்ல சார்."

நான் தரையைப் பார்த்தேன். தரை பிளந்தால் இறங்கிவிடத் தயாராக இருந்தேன்.

கதவருகே வந்து நின்றாள் கவிதா. "கேசரி நான் கிண்டினது. சக்கரை ஜாஸ்திதான், எனக்கே தெரியும்" என்றாள். பிறகு அப்பாவிடம், "இவங்க வீட்ல இவரு ஒருத்தராவது உண்மை பேசுறாரேப்பா. எனக்குச் சம்மதம்."

கல்யாணம் நன்றாகவே நடந்தது. ரயில்வேக்காரர் மட்டும், அப்படி ஒரு மலை இருக்கிறது என்று பந்தியில் உட்கார்ந்து சாதித்துக்கொண்டிருந்தார்.

கவிதா வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் பிரபு அரிச்சந்திரன்; நான் சொல்வது எதுவும் நேராகச் செல்லுபடியாவதில்லை. போன வாரம்கூட ஆபீஸிலிருந்து தாமதமாக வந்து, "ரோடு பூரா டிராஃபிக்" என்றேன். உண்மையாகவே டிராஃபிக்தான். கவிதா சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, மரியாதை குறையாமல் கேட்டாள்:

"மாமா, இது தமிழா, இல்ல உங்க பாஷையா?"