நன்றியுரைக்குப் பின் ஒரு பொத்தான்

மனிதகுலம் எதற்காக இணையத்தளம் என்ற ஒன்றைக் கண்டுபிடித்ததோ, அந்த நோக்கம் மட்டக்களப்பின் 'வாவி நீர்மட்ட இணைப்பு அலுவலகம்' தனது தளத்தைத் திறந்துவைத்த அன்றுதான் முழுமையாக நிறைவேறியது. மற்றத் தளங்களுக்குள் யாரும் சட்டென்று நுழையலாம், வேண்டியதை எடுக்கலாம், வாயைத் திறக்காமல் போய்விடலாம். இங்கே அந்த அநாகரிகத்துக்கு இடமில்லை.

இந்தச் சாதனையில் பாதி திட்ட அலுவலர் உதயரூபனுடையது. அலுவலக விழாக்களில் பன்னிரண்டு ஆண்டுகளாக நன்றியுரை சொல்பவர் அவர். அவர் ஒலிவாங்கியைத் தொட்டதும் சனம் எழும்பிவிடும். பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் நன்றி சொல்லிவந்தது நாற்காலிகளுக்குத்தான்.

அலுவலகத்தின் பணி எளிமையானது. மாரியில் வாவி நிரம்பி, மேற்குக் கரையான படுவான்கரையின் வயல்களுக்குள் தண்ணீர் ஏறும். பத்து விவசாயிகள் விண்ணப்பித்தால், முகத்துவாரத்து மணல்மேட்டை இயந்திரத்தால் வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள். முன்பெல்லாம் தொலைபேசியில் சொன்னாலே போதும். இவ்வாண்டு 'நவீனமயம்' வந்தது: விண்ணப்பங்கள் இணையத்தளம் ஊடாக மட்டும்.

தளத்தை வடிவமைக்க நாவற்குடாவிலிருந்து கஜானி என்ற பெண் வந்தார். அவர் காட்டிய மாதிரியைக் கண்டு கூட்டமே திகைத்தது. வெள்ளைப் பக்கம். நடுவில் பெரிய எழுத்தில் ஒரு பொத்தான்: 'வயலில் தண்ணீர் ஏறிவிட்டது.' அவ்வளவுதான்.

"என்ன புள்ள இது?" என்றார் பணிப்பாளர். "விளக்கேத்தாம விசயத்துக்குப் போறதா?"

"சேர், இடுப்பளவு தண்ணிக்க நிக்கிற ஆள் விளக்கேத்திக்கொண்டு நிப்பாரா?"

"நாமதான் பழக்கணும்."

தளத்துக்கு ஒரு நிகழ்ச்சிநிரல் வகுக்கப்பட்டது. முதலில் மங்கள விளக்கு. ஐந்து திரிகளையும் வருகையாளர் ஒவ்வொன்றாகத் தொட்டு ஏற்ற வேண்டும். அடுத்து பணிப்பாளரின் வரவேற்புரை, ஒன்பது நிமிடக் காணொளி. நிறுத்தும் வசதி கிடையாது. பேச்சின் நடுவே எழும்புவது மரியாதையல்லவே. பிறகு பிரிவுத் தலைவர்களின் ஆசிச்செய்திகள். யாருடைய படம் பெரிது என்று இரண்டு பிரிவுகள் மோதிக்கொண்டதால் எல்லாருக்கும் திரை நிறைய ஒரு படம் கிடைத்தது. பின்னணி வாவியின் நீலம். எழுத்தும் அதே நீலம். எல்லாவற்றுக்கும் மேலாக, எதைத் தொட்டாலும் ஓயாத நாதஸ்வரம்.

"அப்ப இந்தப் பொத்தான், சேர்?" என்றார் கஜானி.

உதயரூபன் எழுந்தார். அவர் வாழ்வின் பொன்னான நிமிடம் அது. "நன்றியுரைக்குப் பிறகு வைப்பம். முதல்ல வச்சா அதை அமத்திப்போட்டுச் சனம் ஓடிப்போயிடும்."

"இப்பிடி வச்சா சனம் வராமலே ஓடும்," என்றார் கஜானி. கூட்டக்குறிப்பில் அந்த வசனம் 'வடிவமைப்பாளர் மகிழ்ச்சி தெரிவித்தார்' என்று பதிவானது.

மார்கழியில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் உதயரூபனின் மாமனார் அருமைநாயகம் தொலைபேசி எடுத்தார். தேற்றாத்தீவுக்காரர், வாவிக்கு அக்கரையில் நாலு ஏக்கர் வயல். நெல் வேளாண்மை கதிர் தள்ளும் தறுவாயில் நின்றது.

"மருமகன், அஞ்சாவது திரி பத்துதில்லகா."

"வலப்பக்க ஓரத்தில இரிக்கும் மாமா."

"ஓரத்தில ஒண்டும் இல்ல. நாலுதான் கிடக்கு."

உதயரூபன் யோசித்தார். தளத்தை அலுவலகத்துப் பெரிய கணினியில்தான் எல்லாரும் பார்த்துப் பாராட்டினார்கள். கைத்தொலைபேசியில் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. "போனைக் கிடையாப் பிடிங்க."

"பிடிச்சிட்டன்... ஓம், பத்திட்டு. இப்ப உங்கட பணிப்பாளர் படுத்துக் கிடக்கார்."

"அவர் பேசி முடியட்டும் மாமா."

"நாதஸ்வரத்துக்க அவர் பேசுறதும் கேக்குதில்ல. மருமகன், தண்ணி பயிர்க் கழுத்தளவுக்கு வந்திட்டு. நீங்களே ஒரு சொல்லுச் சொன்னா என்ன?"

"முறையெண்டு ஒண்டு இரிக்கு மாமா."

ஒரு மணித்தியாலம் கழித்து மறுபடி அழைப்பு. மாமனார் நன்றியுரை வரை வந்து, படிவத்தையும் நிரப்பிவிட்டார். வயலின் படம் அளவில் பெரிதென்று தளம் ஏற்க மறுத்து, அவரை மீண்டும் விளக்கடிக்கே கொண்டுவந்து விட்டிருந்தது.

 மறுநாள் காலையில் உதயரூபன் பணிப்பாளரிடம் போனார். "சேர், சனம் கஸ்டப்படுது. அந்தப் பொத்தானை மட்டும் மேல..."

பணிப்பாளர் ஒரு தாளை நீட்டினார். "இதைப் பாருங்க. வந்த ஆக்கள் நாலாயிரத்துப் பன்னிரண்டு. விண்ணப்பிச்சது மூண்டு பேர். அப்ப மிச்சம் நாலாயிரத்து ஒன்பது பேரும் திருப்தி. ஒருத்தர் சராசரியா நாப்பத்தொரு நிமிசம் நிண்டிரிக்கார். எந்தத் தளத்தில, ஐசே, சனம் இவ்வளவு நேரம் நிக்கிது?"

உதயரூபன் தாளைப் பார்த்தார். எண்கள் அழகாகத்தான் இருந்தன. அவர் திரும்பி வந்துவிட்டார்.

பத்தாவது விண்ணப்பம் ஆறாம் நாள் வந்தது. அனுப்பியவர் அருமைநாயகம். 'பயிரின் தற்போதைய நிலை' என்ற கட்டத்தில் அவர் எழுதியிருந்தது ஒரே சொல்: 'அழுகிட்டு.'

ஏழாம் நாள் முகத்துவாரம் வெட்டப்பட்டது. முறைப்படிதான். கடற்காற்றில் ஐந்து திரிகளையும் ஏற்றவே அரை மணித்தியாலம் பிடித்தது. பணிப்பாளர் வரவேற்றார், பிரிவுத் தலைவர்கள் ஆசி வழங்கினார்கள். இயந்திரம் ஓரமாகக் காத்து நின்றது.

கடைசியாக உதயரூபன் ஒலிவாங்கியைத் தொட்டார். பழக்கதோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார். நடுவில் திறந்து பார்த்தபோது ஒரு நாற்காலிகூட வெறுமையாக இல்லை. முன்வரிசையில் மாமனார், கைகளை மடியில் வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக, நன்றியுரை முடியும்வரை யாரும் எழுந்து போகவில்லை. எழுந்து போவதற்கு யாருக்கும் வயல் மிஞ்சியிருக்கவில்லை.