சந்தியோகு சேர் ஏசாத நாள்

"அடியடி, பேய்ப்..." என்று தொண்டைவரை வந்ததைச் சந்தியோகு அப்படியே விழுங்கினார். கரைவலை இழுக்கிறவர்களைச் சத்தம் போட்டே வேலை வாங்கிப் பழகிய குரல் அது. இலேசில் அடங்காது.

ஆனால் விளையாட்டுக் கழகத் தலைவரான பங்குத்தந்தை திட்டமாகச் சொல்லிவிட்டார்: "இனி ஒரு பிள்ளை அழுதுகொண்டு கிறவுண்டை விட்டுப் போனால், பெண்பிள்ளையளின்ர ரீமுக்கு வேற ஆளைப் பாப்பன்."

தான் பயிற்றுவிக்கும் அந்த உதைபந்தாட்ட அணிதான் சந்தியோகுவின் உயிர். இன்று நானாட்டானில் இறுதியாட்டம்.

"அன்பாய்க் கதைக்கிறது பெரிய காரியமே? மாதா பாத்துக்கொள்ளுவா" என்று தெம்பாகத்தான் வந்திருந்தார்.

ஆட்டம் தொடங்கிய சூட்டோடு, கோல் காத்த ஸஹ்றாவின் கால்களுக்கிடையால் பந்து புகுந்தது.

"பரவாயில்லை மகள், வடிவாய் நிண்டனீர்."

நீரா? எந்நாளும் "எடியே" என்று கூப்பிடுகிறவரா இவர்? ஸஹ்றா வாய் பிளந்து அவரையே பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே அடுத்த பந்தும் உள்ளே போனது.

ஒருத்தியை மட்டும் புகழ்ந்ததுதான் பிழை என்று எண்ணி, அணித்தலைவியையும் புகழ்ந்தார். "ஜெனிஸ்ரா, உம்மட ஓட்டம் என்ன அழகு!"

ஜெனிஸ்ரா ஓட்டத்தை நிறுத்தினாள். "என்ன சேர்?"

"ஓடும் பிள்ளை, ஓடும்!"

"கோவமே சேர்?"

"இல்லையம்மா!"

"அப்ப ஏன் ஏசேல்லை?"

வாயைத் திறந்தால்தானே வில்லங்கம்? இரண்டு டொபியை வாய்க்குள் போட்டுக்கொண்டு சைகையில் இறங்கினார். அவருக்குத் தெரிந்த சைகையெல்லாம் கரைவலைச் சைகைதான். இரண்டு கைகளாலும் தன் பக்கம் வாரி இழுத்துக் காட்டினார். கடற்கரைப் பிள்ளைகளுக்கு அது விளங்காதா? பந்தை விட்டுவிட்டு அணி முழுவதும் ஓடிவந்து அவர் முன்னால் நின்றது.

நல்லகாலம், இடைவேளை விசில் ஒலித்தது.

பிள்ளைகள் தலையோடு தலை சேர்த்துக் குசுகுசுத்தார்கள். ஸஹ்றா கண்ணைத் துடைத்தாள். சந்தியோகு அதைக் கண்டுவிட்டார். இவள் எழும்பிப் போனால் எல்லாம் முடிந்தது.

பக்கத்தில் போய்க் குந்தினார். உரஞ்சியிருந்த அவளுடைய முழங்கையைத் தண்ணீரால் கழுவி, சட்டைப்பையிலிருந்த தன் லேஞ்சியால் கட்டிவிட்டார்.

"நோகுதே மகள்?"

"இல்லை சேர்."

"தோத்தாலும் காரியமில்லை. இருக்கிறவரைக்கும் நான் உங்களோடதான்."

ஸஹ்றா விம்மி அழுதாள். மற்றவர்களும் அழுதார்கள். ஆனால் ஒருத்தியும் கிறவுண்டை விட்டுப் போகவில்லை.

அதன்பின் ஆடியது ஆட்டமா, புயலா! ஜெனிஸ்ரா ஒருத்தியே மூன்று கோல் அடித்தாள். கடைசியில் வந்த பெனால்ட்டியை ஸஹ்றா பாய்ந்து விழுந்து பிடித்தாள். கிண்ணம் அவர்களுக்கே.

பங்குத்தந்தை ஓடிவந்து கையைப் பிடித்தார். "கண்டீரே சந்தியோகு, நல்ல வார்த்தையின்ர வல்லமையை!"

"பிள்ளையளுக்கு அன்பு விளங்கும் பாதர்" என்று நெஞ்சை நிமிர்த்தினார் சந்தியோகு.

ஸஹ்றா மெல்ல வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"சேர், ஜெனிஸ்ரா உங்களுக்காகக் கோயில்ல பூசைக்குக் குடுக்கிறாளாம், நான் வீட்டில துஆ கேக்கச் சொல்லுறன்... டொக்டர் இன்னும் எத்தினை மாசம் எண்டு சொன்னவர்?"