நானூறு கிலோக் கிளிப் போர்

விசைப்பலகை அதிர வீற்றிருப்பவளே, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கேற்றிக் களம் காண்பவளே, உடன் பணிபுரிவோரால் ‘அடைப்புக்குறி அக்கா’ என்று அன்போடும் அச்சத்தோடும் அழைக்கப்படுபவளே, வாழி நின் சுட்டுவிரல்! விலங்குக் காட்சிசாலையின் கணினி அறையில் நீ ஆடிய அமரைப் பாடுகின்றோம்.

எடைப்பொறிகள் பொழியும் எண்மழையைப் படித்துக் கிடங்குக்கு மாதத் தீவன ஆணை விடுக்கும் பெருநிரலை யாத்தவள் அவள். “இன்னொரு தப்பு வந்துச்சுன்னா எல்லாம் பழையபடி பேப்பர்லதாம்மா” என்று மேலாளர் முழங்கியிருந்தார். அஞ்சினாளோ? அஞ்சிலள்! தரவின் வடிவையும் வரம்பையும் உரைக்கும் ஸ்கீமா என்னும் சாசனத்தில், ‘கிளியின் எடை இரண்டு கிலோவைத் தாண்டலாகாது’ என்று கல்லில் வெட்டினாற்போல் பொறித்திருந்தாள்.

அந்தோ! யானைக் கன்றைத் தராசிலேற்றிய பராமரிப்பாளர் கிளியின் அடையாள எண்ணைத் தட்டிவிட, நானூறு கிலோக் கிளியொன்று கோட்டை வாயிலில் வந்து நின்றது.

வாயில் காப்போர் இருவர். வரும் தரவைப் படித்து, எண் இருக்கவேண்டிய இடத்தில் எண் இருப்பின் மலையே வரினும் வழிவிடும் பார்சர் ஒருவன். வரம்பு மீறக் கண்டால் செவ்வெழுத்தால் திரையதிர அலறிவிட்டு, விரலையும் அசையாது அமரும் வேலிடேட்டர் மற்றொருவன். அலறலே அரணென மயங்கினாள் தலைவி.

“பார்த்தியா! என் ஸ்கீமாவைத் தாண்டி ஈ கூட நுழையாது!”

“அக்கா, அவன் கத்துவான், அவ்வளவுதான். கிளி அது பாட்டுக்கு உள்ள போகுது பாருங்க” என்றான் பக்கத்து மேசைக்காரன்.

வெகுண்டெழுந்தாள். வரம்பை ஒரு கிலோவாக இறுக்கி நிரலை ஏவினாள். அலறல் ஓங்கிற்று, கிளி நடந்தது. அரைக் கிலோவாக நெரித்து மீண்டும் ஏவினாள். கடல் குமுறினாற்போல் அலறல் பொங்கிற்று, கிளியோ திருமண ஊர்வலத்து யானையென அசைந்தசைந்து உட்புகுந்தது.

“கத்துறவனை விட்டுட்டு, கதவைத் திறக்கிறவன்கிட்ட சொல்லுங்கக்கா!”

அக்கணமே ‘வரம்பு மீறின் படிப்பதையே நிறுத்துக’ என்னும் கட்டளையைப் பார்சரின் செவியிலே ஓதினாள். மீண்டும் ஏவினாள். பார்சர் நின்றான்! பாறையில் மோதிய அலையெனக் கிளி சிதறிற்று! இருகை உயர்த்தி, சுழல்நாற்காலியில் மும்முறை சுழன்று, வெற்றி முரசென மேசையை அறைந்தாள் வீராங்கனை.

தொலைபேசி ஒலித்தது. கிடங்குக்காரர்.

“ஏம்மா, ஒரு கிளிக்கு மூணு லாரி தீவனம் எதுக்கு?”

அதுவரை ஓட்டிப் பார்த்ததெல்லாம் உண்மையான ஆணையாகவே போயிருந்தது.