கட்டிலுக்கு அடியில் ஒரு ஸ்க்ரூ

இந்த வீட்டில் இனிமேல் ‘வலி’ என்ற சொல் என் வாயிலிருந்து வரவே வராது. மூன்று வருடங்களுக்கு முன் எடுத்த சபதம் இது. பல் வலியா, பல்லைக் கடித்துக்கொள்வேன். தலைவலியா, தலையெழுத்து என்று இருந்துவிடுவேன்.

காரணம், என் மனைவியின் அண்ணன். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு “கழுத்து லேசாப் பிடிச்சிருக்கு” என்று மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். நுணலும் தன் வாயால் கெடும். மறுநாளே மச்சான் பெட்டியோடு வந்து இறங்கினார். இரண்டு நாளைக்கு என்று வந்தவர் நாற்பது நாள் இருந்தார். விடியற்காலை நாலரைக்கு என் காதருகே விசில். தெருவை எட்டுச் சுற்று ஓட வேண்டும். முதல் வாரம் என்னைத் துரத்திய நாய்கள் இரண்டாம் வாரம் பாவம் பார்த்து வழிவிட்டன. கழுத்து வலி போனது உண்மைதான். மற்ற இடமெல்லாம் வலித்ததில் அது எங்கே தெரிந்தது?

இப்போது இடுப்பு.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துவது என் பிழைப்பு. எட்டு மணி நேரம் குனிந்த தலை நிமிராத உத்தியோகம். வீட்டிலும் அதே நிலைதான் என்பதால் பழக்கத்தில் சிரமம் இருந்ததில்லை. ஆனால் ஒரு மாதமாகக் காலையில் கண் திறக்கிறது, இடுப்பு திறக்க மாட்டேன் என்கிறது. கட்டிலிலிருந்து கால் தரைக்கு வரப் பத்து நிமிடம். ‘மாப்பிள்ளைக்கு முதுகெலும்பே கிடையாது’ என்று மச்சான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி கிடைத்துவிட்டது. வெளியே சொல்லத்தான் முடியவில்லை.

கைபேசியில் ரகசியமாகத் தேடினேன். காலையில் கை காலை நீட்டி மடக்கினால் இடுப்பு இளகுமாம். மனைவி சமையலறைக்குப் போகும் ஆறு மணிக்குத் தொடங்கினேன். முதல் பயிற்சி, நாலு காலில் நின்று பூனை மாதிரி முதுகைத் தூக்கி இறக்குவது. மூன்றாவது முறை தூக்கும்போது கதவு திறந்தது.

“ஏங்க, என்ன பண்றீங்க?”

எனக்குள்ளே விசில் கேட்டது. “கடை ஸ்க்ரூ ஒண்ணு விழுந்துடுச்சு. கட்டிலுக்கு அடியில தேடறேன்.”

“சின்ன ஸ்க்ரூவா?”

“கண்ணுக்கே தெரியாது.”

“அப்ப இந்த ஈரத் துணியால துடைங்க. எங்க இருந்தாலும் ஒட்டிக்கும்.”

துடைத்தேன். ஸ்க்ரூவைத் தவிர எல்லாம் கிடைத்தது.

மறுநாள் படுக்கையறை ஆபத்து என்று சமையலறைக்கு மாறினேன். அவள் குளிக்கப் போயிருந்தாள். மண்டியிட்டு, குதிகால் மேல் உட்கார்ந்து, கையை முன்னால் நீட்டி, நெற்றியைத் தரையில் வைக்கும் பயிற்சி. சுகமாக இருந்தது. கண் கூடச் சொக்கியது.

“யாரைக் கும்பிடறீங்க?”

“கும்பிடலை! கீழ் அலமாரிக்குள்ள கரப்பான் ஓடுச்சு!”

“எனக்கும் ரொம்ப நாளா சந்தேகம். பாத்திரத்தை எல்லாம் வெளியில எடுத்து, தேய்ச்சு, திரும்ப அடுக்கிடுங்க.”

நாற்பத்து மூன்று பாத்திரங்கள். கரப்பான் வரவில்லை. அதற்கு என்னைவிட விவரம் அதிகம்.

மூன்றாம் நாள் குளியலறை. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் மேலே தூக்க வேண்டும். தூக்கினேன். தாழ்ப்பாள் போட மறந்திருந்தேன்.

“தொட்டிக்குக் கீழ குழாய் கசியுதான்னு பார்க்கறேன்!” என்று அவள் கேட்பதற்கு முன்பே கத்தினேன்.

“கசியுது. ஆறு மாசமா நானும் சொல்லிட்டுத்தான் இருக்கேன். இந்தாங்க ஸ்பானர்.”

அன்று கடைக்கு நனைந்த தலையோடு போனேன். போகட்டும், ரகசியம் நனையவில்லை.

வியாழக்கிழமை இடி விழுந்தது. காபியை நீட்டிக்கொண்டே சொன்னாள்.

“அண்ணன் பேசினார். பள்ளிக்கூடம் லீவாம். மாப்பிள்ளை உடம்பு எப்படின்னு விசாரிச்சார். ஏதாவது இருந்தா டிக்கெட் போட்டுடறேங்கறார்.”

டம்ளரை வாங்கி அப்படியே கீழே வைத்தேன். “நீ என்ன சொன்னே?”

“நான் என்னத்தைச் சொல்றது? நல்லாத்தானே இருக்கீங்க?”

“எனக்கென்ன! கல்லு மாதிரி இருக்கேன்!”

“அப்படின்னா கூடத்தைக் கொஞ்சம் துடைச்சு விடுங்களேன்.”

“கட்டைத் துடைப்பான் எங்க?”

“கல்லு மாதிரி இருக்கறவருக்குக் கட்டை எதுக்கு? மண்டி போட்டு, கையை நல்லா நீட்டித் துடைங்க. மூச்சை இழுத்து, மெதுவா விட்டு. அவசரமே வேண்டாம்.”

இவ்வளவு கரிசனமா என்று நெகிழ்ந்துபோனேன். மண்டி போட்டேன். மச்சான் வந்துவிடுவாரோ என்ற பயத்தில் தினமும் போட்டேன். அவள் என்னை உற்றுப் பார்த்தால் போதும், உடனே எதையாவது குனிந்து எடுத்து, நிமிர்ந்து காட்டுவேன். வாசலில் ஆட்டோ நின்றால் விசில் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொள்வேன். ராத்திரி கனவில்கூட ஓடினேன்.

மூன்று வாரம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கண் விழித்தேன். எழுந்தேன். எழுந்த பிறகுதான் எழுந்துவிட்டேன் என்றே உறைத்தது. இடுப்பில் ஒன்றுமில்லை! மச்சானும் வரவில்லை. அண்ணன் தங்கை இருவர் கண்ணிலும் ஒருசேர மண்ணைத் தூவிய ஒரே ஆண்மகன் நான்தான் என்று சீட்டியடித்தபடி கூடத்தைத் துடைக்கப் போனேன். அறைக்குள் மனைவி தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள்.

“வேண்டவே வேண்டாம்ண்ணா, டிக்கெட் போட்டுடாதே. நீ வந்து விசில் ஊதினா எல்லாம் வெறும் உடற்பயிற்சியாப் போயிடும்.”

எனக்குப் பாதி புரிந்தது. ஆனாலும் அவர் வரவில்லை என்ற சந்தோஷத்தில் பிழைத்தேன் என்று மூச்சு விட்டேன். அதை முழுசாக விட்டு முடிப்பதற்குள் அவள் குரல் மறுபடி கேட்டது.

“நீ சொன்ன மாதிரியே இடுப்பு சரியாயிடுச்சுண்ணா. இப்ப தோளுக்கு என்ன பயிற்சின்னு சொல்லு, மூணு ஃபேனும் ஒரே தூசியா இருக்கு.”