தன்னைக் கிண்டல் செய்துகொள்ள அனுமதி

ஒரு பெண் மேடையில் தனியாக நின்று நாலு பேரைச் சிரிக்க வைப்பதென்றால் கலைச் சுதந்திர அலுவலகத்தின் அனுமதி வேண்டும். ஆணுக்கு நகைச்சுவை இருந்தால் போதும். பெண்ணுக்கு நன்னடத்தையும் இருந்தாக வேண்டும். சுதந்திரம் கண்டகண்டவர் கையில் சிக்கிச் சீரழிந்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான்.

நம் நடிகை பல வருடங்களாக டிவி தொடர்களில் கதாநாயகிக்குத் தோழி. யாரோ எழுதிக் கொடுத்த அசட்டுப் பேச்சைப் பேசிக் குட்டு வாங்குவது தொழில். ஒரு நாளாவது சொந்தப் பேச்சைப் பேசிவிட வேண்டும் என்ற ஆசை அவளைத் தூங்கவிடவில்லை. எழுதியதைத் தூக்கிக்கொண்டு அதிகாரி முன் போய் உட்கார்ந்தாள்.

“மாமியார் ஜோக்கை எடுத்துடுங்கம்மா. மாமியார்கள் மனசு புண்படும்.”

“சரிங்க சார்.”

“இந்தக் கணவர் ஜோக்கு?”

“அவரே விழுந்து விழுந்து சிரிச்சாருங்க.”

“அவர் சிரிப்பார். மத்த கணவர்கள்?”

அதிகாரியின் பேனா அடித்ததில் டாக்டர் போனார், டைரக்டர் போனார், பக்கத்து வீட்டுக்காரர் தன் நாயோடு போனார். அதிகாரிகளைப் பற்றி அவள் எழுதவேயில்லை. எழுதியிருக்கக்கூடும் என்பதால் அதுவும் முன்கூட்டியே நீக்கப்பட்டது. வணக்கமும் நன்றியும் மட்டும் தப்பின.

“அப்ப நான் யாரைத்தான் சார் கிண்டல் பண்றது?”

“உங்களையே பண்ணிக்குங்க! அதுல பூரண சுதந்திரம் உண்டு. கிண்டலுக்கு ஆளாகிறவங்க சம்மதம் மட்டும் வேணும்.”

தன்னைத் தான் கேலி செய்வதில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று அவளே கையெழுத்துப் போட்டாள். நிர்ப்பந்தம் ஏதும் இல்லையே என்று அதிகாரி கனிவாக விசாரித்துவிட்டு முத்திரை குத்தினார்.

அரங்கம் நிறைந்துவிட்டது. அவள் தன்னைப் பிய்த்து உதறினாள். வீட்டுக்குள் வீரம் பேசிவிட்டு வெளியே பல்லிளிப்பதைச் சொன்னாள். ஆகாத வேலைக்கெல்லாம் தலையாட்டிவிட்டு, குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பதிலடி கொடுப்பதை நடித்தே காட்டினாள். யாராவது போனால் போகிறதென்று கொஞ்சம் இடம் கொடுத்தால், அதையே சுதந்திரம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வதையும் விடவில்லை.

ஒரு சிரிப்புகூட எழவில்லை. ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். தனக்குச் சிரிக்க வைக்கவே தெரியவில்லை என்று அவள் அவமானத்தில் குறுகிப்போனாள்.

மறுநாள் அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள்.

“‘என்னைத்தான் சொல்லிட்டாங்க’ன்னு ஒவ்வொருத்தரும் புகார் கொடுத்திருக்காங்கம்மா. முன்வரிசையில உட்கார்ந்திருந்த நானும் கொடுத்திருக்கேன்.”

“நான் என்னைத்தானே சார் சொன்னேன்?”

“அதுதான் சிக்கல். உங்க குணம் எல்லாருக்கும் அப்படியே பொருந்துது. குணத்தை மாத்திட்டு வாங்க.”

“என்ன குணமா மாத்தறது?”

அதிகாரி யோசித்தார். “துணிச்சல்காரியா வாங்க. அப்ப தன்னைச் சொல்றதா யாருக்கும் தோணாது.”

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு விருட்டென்று எழுந்தாள்.

“அதுக்கு எங்க சார் மனு கொடுக்கணும்?” என்று கேட்டாள்.