ஹால்வர் துவைத்த இருபத்து நாலு டயப்பர்

துவைத்து, உலர்த்தி, மடித்து வைத்த டயப்பரை மூக்கருகே கொண்டுபோன ஹால்வருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிள்ளைப் பாசம் என்று நினைத்துவிட வேண்டாம். நாற்றம்.

"மாரென், இங்க வந்து இதைக் கொஞ்சம் மோந்து பாரு."

அவன் மனைவி மாரென் பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குனிந்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் வந்திருந்தாள். கதவருகே நின்றபடியே மூக்கைச் சுருக்கி, "வித்தியாசமா இருக்கு" என்றாள்.

அமெரிக்காவின் வடக்கே, மினசோட்டாவில் ஒரு மனிதர் 'வித்தியாசமா இருக்கு' என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் திட்டுவதற்கு வார்த்தை கிடையாது. பக்கத்து வீடு பற்றி எரிந்தாலும் இங்கே அதைத்தான் சொல்வார்கள். ஹால்வருக்குச் சுருக்கென்றது.

குழந்தை ஆஸ்ட்ரிட்டுக்கு ஒன்பது மாதம். அவள் பிறப்பதற்கு முன்பே ஹால்வர் அறிவித்துவிட்டான், இந்த வீட்டுக்குள் காகித டயப்பர் நுழையாது என்று. ஒரு காகித டயப்பர் மண்ணில் மட்க ஐந்நூறு வருஷமாகும் என்பதை அலுவலகத்தில் சொன்னான், தெருவில் சொன்னான், நன்றித் திருநாள் விருந்தில் மூன்று பிள்ளை பெற்ற மைத்துனி வான்கோழியை வாயில் வைக்கும் நேரம் பார்த்துச் சொன்னான். அவள் பிள்ளைகளின் மலம் அவள் பேரனுக்குப் பேரனையும் தாண்டி வாழும் என்றான். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

வீட்டில் வேலையை நியாயமாகப் பிரித்திருந்தார்கள். டயப்பரைக் கட்டுவது, அவிழ்ப்பது, குழந்தையைத் துடைப்பது, கெட்டியானதைக் கழிப்பறையில் தட்டுவது, ஈரத்தை மூடி போட்ட வாளியில் போடுவது, இதெல்லாம் மாரெனும், பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வரும் பெர்னடின் அம்மாளும். மூன்று நாளைக்கு ஒரு தரம் வாளியை இயந்திரத்தில் கொட்டிப் பொத்தானை அழுத்துவது ஹால்வர். ஏனென்றால் துவைப்பது விஞ்ஞானம். அவன் வீட்டிலிருந்தே கணினி வேலை பார்ப்பவன்தான். ஆனாலும் குழந்தை ஈரமாகி அழும்போதெல்லாம் மாடியில் அவனுக்கு ஒரு முக்கியமான மீட்டிங் வந்துவிடும்.

இரண்டாம் மாதத்தில் குழந்தைக்கு இடுப்பெல்லாம் சிவந்து புண்ணானது. கொஞ்ச நாள் காகித டயப்பர் போட்டுப் பாருங்கள் என்றார் டாக்டர். ஹால்வர் டாக்டருக்கே மூன்று கட்டுரைகள் அனுப்பினான். மாரெனை உட்காரவைத்து நாற்பது நிமிஷம் விளக்கினான். அவள் கடைசியில் "சரி" என்றாள். ஒரே வாரத்தில் புண் ஆறிவிட்டது. பார்த்தாயா, எல்லாம் அரை ஸ்பூன் சோப்பின் மகிமை என்றான். சோப்பு அதிகமானால் துணி மூச்சு விடாது என்பது அவன் சித்தாந்தம். அந்த சோப்பையும் அவனே வீட்டில் சீவிக் காய்ச்சினான்.

ஆனால் ஜனவரியில் லேசாகத் தொடங்கிய நாற்றம் மார்ச்சில் மாடிப்படி ஏறி வந்தது.

ஹால்வர் 'பத்தாயிரம் ஏரிகள் துணி டயப்பர் குழு'வில் முறையிட்டான். இணையத்தில் நாலாயிரம் தாய்மார்கள் கூடும் இடம். மூத்திர உப்பு நூலுக்குள் இறங்கிவிட்டது, தொட்டியில் ஊறவை என்று தலைவி உத்தரவிட்டாள். வெங்காரம், சலவை சோடா, இன்னொரு பொடி, எல்லாம் கணக்குப்படி கலந்து கொதிக்கக் கொதிக்க ஆறு மணி நேரம். ஊறியதும் தொட்டித் தண்ணீரைப் படம் பிடித்துப் போட வேண்டும். அது அங்கே ஒரு சடங்கு. தண்ணீர் எவ்வளவு பழுப்போ அவ்வளவு புண்ணியம்.

ஹால்வரின் தண்ணீர் காப்பி டிகாஷன் போல் இருந்தது. நானூறு இதயக்குறிகள் விழுந்தன. ஒரு குழந்தைக்குள் இவ்வளவா என்று தாய்மார்கள் வியந்தார்கள். வீட்டிலிருந்த வெந்நீர் முழுதும் அதற்கே போனதால், மாரென் பச்சைத்தண்ணீரில் குளித்துப் பல் நடுங்க வேலைக்குப் போனாள். காய்ந்த டயப்பரில் இப்போது பழைய நாற்றத்தோடு குளத்து நாற்றமும் சேர்ந்திருந்தது.

குறை சூரியனிடம் என்று ஹால்வர் கண்டுபிடித்தான். வீட்டுக்கு அடியில் பேஸ்மென்ட் இருட்டில் காயப்போட்டால் கிருமி எப்படிச் சாகும்? வீட்டுப் பின்புறம் இரண்டு மரங்களுக்கிடையே கொடி கட்டினான்.

அந்தக் குடியிருப்பில் கொடி கட்டக் கூடாது. புல் எத்தனை அங்குலம், கராஜ் கதவு என்ன நிறம் என்று சட்டம் போட்டிருக்கும் குடியிருப்போர் சங்கம், வெளியே துணி காயப்போடுவதைக் கொலைக் குற்றத்துக்கு அடுத்த இடத்தில் வைத்திருந்தது. போதாததற்கு ஏப்ரலிலும் பனி. டயப்பர்கள் உறைந்து அப்பளமாகி, காற்றில் ஒன்றோடொன்று மோதிக் கடகடவென்று அடித்துக்கொண்டன. சங்கத் தலைவர் கார்டன் ஸ்டாவிக் பூதக்கண்ணாடி இல்லாமலேயே அதைக் கண்டுபிடித்துக் கடிதம் போட்டார்.

ஹால்வர் விடுவானா? சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, சூரியன் யாருடைய சொத்தும் இல்லை என்று தொடங்கினான். ஐந்நூறு வருஷமும் வந்தது. முக்கால் மணி நேரம் ஓடியது. கடைசியில் ஆவேசத்தில் ஒரு சவாலும் விட்டான். "சனிக்கிழமை காலைல வந்து மோந்து பாருங்க. துளி நாத்தம் இருந்துச்சுன்னா கொடியை அறுத்துடறேன். அப்புறம் இந்தத் தெருவுல டயப்பர்ங்கற பேச்சையே எடுக்க மாட்டேன்."

கூட்டம் சட்டென்று நிமிர்ந்தது. கொடி இருந்தால் என்ன, போனால் என்ன, அந்த இரண்டாவது வரம் கிடைக்குமா என்று தெரு முழுக்க அன்று இரவு ஜெபித்திருக்கும்.

இப்போது ஹால்வருக்கு மானப் பிரச்சினை. தோற்றால் சங்கம் சிரிக்கும், குழு சிரிக்கும், மைத்துனி கேக் வெட்டுவாள். செவ்வாய்க்கிழமை வினிகரில் துவைத்தான். டயப்பர் ஊறுகாய் ஜாடி ஆனது. புதன்கிழமை ஊர்த் தண்ணீரில் உப்பு என்று குற்றம் சாட்டி, நகராட்சிக்கு எழுதிவிட்டுப் பனியை உருக்கித் துவைத்தான். வியாழக்கிழமைக்குள் பூனை பேஸ்மென்ட்டுக்கு இறங்குவதை நிறுத்திவிட்டது.

அன்று மாலை மாரென் மெதுவாகக் கேட்டாள். "ஒருவேளை நீ துவைக்கற விதத்துல ஏதாவது..."

"விதத்துல ஒண்ணுமில்ல. வர்ற சரக்குலதான் கோளாறு."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஹால்வருக்குக் கூடம் கிடைக்காததால் பெற்ற பெண் கிடைத்தாள். குழந்தையின் மூத்திரம் அளவுக்கு மீறிக் காரமாக இருக்கிறது, அதுதான் துணியை அரிக்கிறது என்று தீர்மானித்தான். பெர்னடின் அம்மாளிடம் குழந்தைக்குச் சர்க்கரைவள்ளி மசியலை நிறுத்தச் சொன்னான். மணிக்கொரு தரம் தண்ணீர் புகட்டச் சொன்னான்.

பெர்னடின் அம்மாளுக்கு அறுபத்தைந்து வயது. ஐந்து பெற்று வளர்த்தவள். வருஷத்துக்கு நாற்பது வார்த்தை பேசுவாள், அதில் பாதி குளிரைப் பற்றி. "சரிங்க தம்பி" என்றாள். அவன் மாடிக்குப் போனதும் குழந்தைக்கு மசியலை ஊட்டினாள்.

வெள்ளிக்கிழமை ஹால்வர் செய்தது மகாபாவம். தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டு, பக்கத்து ஊர்க் கடைக்குப் போய், துணியை மிருதுவாக்கும் லாவெண்டர் திரவம் ஒரு பாட்டில் வாங்கினான். பாட்டிலைக் கோட்டுக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். அதை டயப்பரில் ஊற்றினால் துணி ஈரம் குடிக்காது. குழுவில் தெரிந்தால் பெயரை வெட்டிவிடுவார்கள். பாதி பாட்டிலை ஊற்றினான்.

சனிக்கிழமை வானம் வெளுத்திருந்தது. இன்று விட்டால் நாளை இல்லை என்பது போல் வெயில். கொடியில் இருபத்து நாலு டயப்பர்களும் பளீரென்று ஆடின. கார்டன் ஸ்டாவிக்கும் இரண்டு சங்க உறுப்பினர்களும் வந்தார்கள். மாரென் காப்பியும் எலுமிச்சைக் கேக்கும் வைத்தாள். பெர்னடின் அம்மாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பின்வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சனிக்கிழமை லீவுதான், ஆனாலும் வந்திருந்தாள்.

கார்டன் மூக்கை நீட்டினார். லாவெண்டருக்கு அடியில் ஊறுகாய், ஊறுகாய்க்கு அடியில் குளம். அவர் நிமிர்வதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ம். வித்தியாசமா இருக்கு" என்றார்.

மற்ற இருவரும் கேக்கைத் தட்டிலேயே வைத்தார்கள். மினசோட்டாவில் யாராவது கேக்கைத் திருப்பி வைத்தால் அது தீர்ப்பு.

நாற்றத்தை விடுங்கள், உறிஞ்சும் திறனைப் பாருங்கள் என்று ஹால்வர் ஒரு டயப்பரை விரித்துப் பிடித்துக் குவளைத் தண்ணீரை ஊற்றினான். தாமரை இலையில் விழுந்தது போல் தண்ணீர் முத்து முத்தாக ஓடி, ஒரு சொட்டுக்கூடத் தங்காமல், கார்டனின் காலணிக்குள் இறங்கியது.

"பரவால்ல" என்றார் கார்டன். அது பரவாயில்லை என்கிற குரல் இல்லை.

ஹால்வருக்கு முகமெல்லாம் ரத்தம் ஏறியது. இத்தனை மாத உழைப்பு, இத்தனை பேர் முன்னால்.

"துவைச்சதுல தப்பே இல்ல. இது குழந்தையோட சிறுநீரகக் கோளாறு. என் சலவையையே தோக்கடிக்குதுன்னா அது சாதாரண மூத்திரமா இருக்க முடியாது. திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரில நேரம் வாங்கிட்டேன். ரத்தம் எடுக்கறாங்க, குழாய் விட்டுச் சோதிக்கறாங்க. அப்ப தெரியும் யார் மேல தப்புன்னு."

மாரென் கையிலிருந்த காப்பிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அவள் வெளுத்துப்போய் பெர்னடின் அம்மாளைப் பார்த்தாள். பெர்னடின் அம்மாள் குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு எழுந்தாள்.

"தம்பி, பச்சைப் பிள்ளைக்கு ஊசி எல்லாம் வேணாம். ஏழு மாசமா அது காகித டயப்பர்தான் கட்டுது. நீங்க ஒரு நாள் அவிழ்த்துப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். துவைக்கற நேரத்துலயாவது நீங்க பேசாம இருப்பீங்களேன்னு, இந்தத் துணியெல்லாம் நானும் மாரெனும் நல்ல தண்ணியில நனைச்சு நனைச்சு உங்க வாளில போட்டுட்டு வர்றோம்."

கொடியருகே யாரும் மூச்சு விடவில்லை. அதற்கு நாற்றமும் ஒரு காரணம்.

பெர்னடின் அம்மாள் கொடியை ஒரு தரம் பார்த்தாள். "அதுல நாத்தம் எங்கேருந்து வருதுன்னுதான், தம்பி, எங்க ரெண்டு பேருக்கும் இன்னி வரைக்கும் புரியல."