ஈரச் சுவிட்சைக் கேட்ட ஏழு பேர்

ஒரு காட்டில், அதுவும் மேற்குப் பாறைமேல் ஏறி நின்றால் மட்டுமே சிக்னல் கிடைக்கிற ஒரு காட்டில், பூதலிங்கம் என்றொரு மரநாய் இருந்தது. பழம் தின்பது அதன் பிழைப்பு. பாட்டுக் கேட்பது அதன் பெருமை. விலங்குகள் எல்லாம் பாட்டுக் கேட்கும் ‘காதுமரம்’ என்ற செயலியில், புதன்கிழமைதோறும் ‘யாரும் கேட்காத ஐந்து பேர்’ என்று ஒரு பட்டியல் போடும்.

பட்டியலில் வருகிறவர்கள் சினிமாவுக்குப் பாடாதவர்கள், எந்தக் கம்பெனியிலும் சேராதவர்கள். தங்கள் பொந்திலேயே உட்கார்ந்து, தாங்களே மெட்டுப் போட்டு, தாங்களே பதிவு செய்கிறவர்கள். ஒரு வாரம், தகர டப்பாவுக்குள் மூச்சுவிட்டு அதைக் கம்ப்யூட்டரில் இழுத்து நீட்டிய உடும்பு வந்தது. இன்னொரு வாரம், தன் குறட்டையின்மேல் தாளம் சேர்த்த தேவாங்கு வந்தது. முந்நூறு பேர் அந்தப் பட்டியலைப் படித்தார்கள். பூதலிங்கம் சொன்னால் போதும், அந்த வாரமே நூறு பேராவது கேட்பார்கள்.

பிரச்சினையே அதுதான். மூன்று வருடத்துக்கு முன்னால் அது கண்டுபிடித்த தவளை ஒன்று இப்போது பற்பொடி விளம்பரத்தில் பாடுகிறது. காட்டுப்பன்றி வீட்டுக் காதுகுத்தில் அந்தத் தவளையின் பாட்டைப் போட்டு எல்லாரும் ஆடியபோது, பூதலிங்கத்துக்குப் பந்தியில் உட்கார மனமில்லை. ‘எனக்குப் பிடித்தது அந்தப் பாட்டா, அது வேறு யாருக்கும் தெரியாமல் இருந்ததா?’ என்று அன்றைக்கு வழியெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டு வந்தது. பதில் வருவதற்குள் வீடு வந்துவிட்டது.

ஒரு திங்கட்கிழமை மதியம், பாறைமேல் நின்று செயலியைத் துழாவியபோது ‘ஈரச் சுவிட்சு’ என்றொரு பெயர் கண்ணில் பட்டது. மூன்று பாட்டு. கேட்டவர்கள்: ஆறு பேர்.

அமுக்கியது. முதலில் சோலார் மின்வேலியின் ‘டிக்’ சத்தம். விநாடிக்கு ஒன்று. அதன்மேல் ஒரு சில்வண்டின் குரல், வழக்கமான வேகத்தில் பாதிகூட இல்லை. இரண்டு டிக்குகளுக்கு நடுவே ஒரு சத்தம் வர வேண்டிய இடத்தில் அது வராமலே நின்றது. பூதலிங்கத்தின் வால்மயிர் சிலிர்த்துக்கொண்டது. அப்படி ஆகி ஐந்தாறு வருடம் இருக்கும். மூன்று பாட்டையும் இறக்கிக்கொண்டு, ஒன்பது தடவை கேட்டுவிட்டு, ஆளைத் தேடிப் புறப்பட்டது.

யானைகள் வாழைத்தோப்புக்குள் போகாமல் இருக்கக் காட்டின் கிழக்கு ஓரத்தில் மின்வேலி போட்டிருந்தார்கள். அதன் கம்பத்து வெள்ளைப் பீங்கான்மேல் சில்வண்டு ஒன்று மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது. பெயர் செண்பகம்.

“ஏழாவது ஆளு நீங்கதானா அண்ணாச்சி? இப்பத்தான் பாறைக்குப் பறந்து போயி பாத்துட்டு வந்தேன், ஆறு ஏழாச்சு.”

“பாட்டு நல்லாருக்கும்மா” என்றது பூதலிங்கம். எழுதும்போது பத்திபத்தியாக வருவது, நேரில் இவ்வளவுதான் வந்தது.

“நல்லாருந்தா எழுதுங்க அண்ணாச்சி. வெள்ளிக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள அம்பது பேரு கேட்டிருக்கணும். அப்பத்தான் மழைவிழாவுல தனி மேடை தருவாங்களாம்.”

“தரலன்னா?”

“எங்க அக்கா குழுவுல சேரணும். நாப்பது பேரு, ஒரே சுருதி. ஒருத்தி மெதுவாப் பாடினா பின்னால நிக்கிறவ காலால உதைப்பா. குழுவுல சேந்துட்டா தனியாப் பாடக் கூடாது, அது சட்டம். அக்காகிட்ட வாக்கு குடுத்துட்டேன், இந்த வெள்ளி வரைக்கும்தான்னு.”

“அம்பது என்னம்மா அம்பது! பூதலிங்கம் எழுதினா நூறு பேரு வருவான்” என்று வாக்குக் கொடுத்துவிட்டு மரநாய் திரும்பியது. காதில் மறுபடி அந்த டிக். டிக். வழியில் இரண்டு முறை நின்றது, கேட்க.

புதன்கிழமை வந்தது. பட்டியலில் நான்கு பெயர் எழுதியாகிவிட்டது. ஐந்தாவதாக ‘ஈரச்’ என்று எழுதியதும் விரல் நின்றது. காட்டுப்பன்றி வீட்டு அடுத்த விசேஷம் மனக்கண்ணில் ஓடியது. அந்த மௌனமான இடத்தில், சத்தம் வராமல் நிற்கிற அதே இடத்தில், பன்றிக்குட்டிகள் ‘ஹேய்!’ என்று கத்துவது காதில் கேட்டது. ‘வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே’ என்று சொல்லிக்கொண்டு, ஐந்தாவது இடத்தில் தேவாங்கையே இன்னொரு முறை போட்டது.

வியாழக்கிழமை குட்டையில் தண்ணீருக்கு நீண்ட வரிசை. பூதலிங்கத்துக்கு முன்னால் எறும்புதின்னி ஆவுடையப்பன் நின்றது. அதுவும் பாட்டைப் பற்றி எழுதுகிற ஆள்தான், இருநூறு பேர் படிக்கிறார்கள். காதில் ஹெட்போன். வால் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. டிக். டிக்.

“என்னவே கேக்கீரு?”

“சும்மா, பழைய பாட்டு.”

“எந்தப் பாட்டு?”

“சொன்னா உமக்குத் தெரியாது.”

“வாலு மட்டும் புதுசா ஆடுதே?”

“எறும்பு கடிக்கிது.”

“உம்மையா?”

ஆவுடையப்பன் சுருண்டு பந்தாகிவிட்டது. வரிசையில் அதை உருட்டிக்கொண்டுதான் முன்னேற வேண்டியிருந்தது.

கரையில் ஆந்தை சொர்ணம், இதுவும் எழுதுகிற ஆள், கண்ணை மூடித் தலையை மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தது. இரண்டு திருப்பலுக்கு நடுவே ஓர் இடத்தில் அப்படியே நின்றது. அந்த ஆறு பேர் யார் என்று அதுவரை பூதலிங்கம் யோசித்ததே இல்லை. கை தவறி அமுக்கியவர்கள் என்று நினைத்திருந்தது. இப்போது புரிந்தது. ஆறு பேருமே தன்னைப் போன்றவர்கள். ஆறு பேருமே யாரிடமும் சொல்லவில்லை. ஏழு பேரும் ஆளுக்கொரு வரி எழுதியிருந்தால் காடே கேட்டிருக்கும்.

அன்றைக்கு அது சரியாகத் தூங்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியமே பாறை ஏறியது. எழுதிவிடுவது என்று உறுதியாகவே முடிவு செய்திருந்தது.

பாறைமேல் ஏற்கனவே ஆவுடையப்பன் நின்றது. பக்கத்தில் சொர்ணம். இன்னும் நாலு பேர், எல்லாரும் எழுதுகிறவர்கள், ஆளுக்கொரு மூலையில் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். உறுதியாக முடிவு செய்தவர்கள் ஏழு பேர் போலிருக்கிறது.

“கொஞ்சம் தள்ளி நில்லும்வே” என்றது பூதலிங்கம். “தனியா ஒரு வேலை இருக்கு.”

“எனக்கும் தனியாத்தான் வேலை. நீரு முடிச்சிட்டு இறங்கும், நான் அப்புறம் பாத்துக்கிடுதேன்.”

“உமக்கு அவசரம்னா நீரு முதல்ல பாரும்.”

“எனக்கென்ன அவசரம்? காத்து வாங்க வந்தேன்.”

“நானும் காத்துக்குத்தான் வந்தேன்” என்றது சொர்ணம், யாரும் கேட்காமலே.

ஏழு பேரும் காற்று வாங்கினார்கள். மற்றவர் பார்க்க அந்தப் பெயரைத் திறந்தால், ‘ஓ, உங்களுக்கும் தெரியுமா?’ என்று ஒருவர் கேட்பார். அந்த ஒரு கேள்வியைத் தாங்குகிற நெஞ்சு அங்கே யாருக்கும் இல்லை. ஒருவராவது இறங்குவார் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தார்கள். இறங்கினால் மற்றவர் எழுதிவிடுவார் என்று ஒருவரும் இறங்கவில்லை. வெயில் மஞ்சளாகி, சிவப்பாகி, போய்விட்டது. கிழக்கு ஓரத்திலிருந்து நாற்பத்தோரு சில்வண்டுகள் ஒரே சுருதியில் பாடத் தொடங்கின.

முதலில் எழுதியது ஆவுடையப்பன்தான். பாறையை விட்டு இறங்கக்கூட இல்லை. ‘நாம் கைவிட்ட குரல்’ என்று தலைப்பு. அடுத்து சொர்ணம், ‘இந்தக் காட்டுக்குக் காது இருக்கிறதா?’ பூதலிங்கம் நான்கு பக்கம் எழுதியது. கண்ணீரோடு, வரிக்கு வரி உண்மையாக எழுதியது. கலைஞரைக் கவனிக்காமல் விட்ட சமூகத்தை அது திட்டிய திட்டில், சமூகத்துக்கே அழுகை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த மூன்று பாட்டையும் ஒன்பதாயிரம் பேர் கேட்டிருந்தார்கள். காட்டுப்பன்றிகளும் கேட்டன. அந்த மௌனம் வருகிற இடத்தில் அவையும் தலை குனிந்து நின்றதாகச் சொன்னார்கள்.

பூதலிங்கத்துக்கு முதல்முறையாக, ஊரே கேட்பதில் வருத்தம் தோன்றவில்லை. அதைக் கவனித்தபோது கொஞ்சம் பயமாக இருந்தது. திங்கட்கிழமை காலையில் ஓட்டமும் நடையுமாகப் போய், குழுவின் ஒத்திகைக்கு நடுவே செண்பகத்தை வெளியே அழைத்தது.

“ஒம்பதாயிரம் பேரும்மா! நாளைக்கே ஒரு பாட்டு போடு. விழாக் கமிட்டிகிட்ட நான் பேசுதேன், உங்க அக்காகிட்டயும் நானே பேசுதேன்.”

செண்பகம் காலைத் தேய்த்துக்கொண்டது. பின்னங்காலில் உதைத் தழும்பு தெரிந்தது.

“அக்கா விட்டுருவா அண்ணாச்சி, நல்லவதான். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நாளைக்கு நான் நாலாவது பாட்டு போட்டா, எப்படி இருக்குன்னு எழுதுவாங்க?”

பூதலிங்கம் பொய் சொல்லலாமா என்று யோசித்தது. ஆனால் பாட்டு விஷயத்தில் அது பொய் சொன்னதில்லை.

“முதல் மூணு பாட்டுல இருந்த உண்மை இதுல இல்லைன்னு எழுதுவாங்க.”

“யாரு எழுதுவா?”

“நான்தாம்மா.”

செண்பகம் தலையாட்டிவிட்டு வரிசையில் தன் இடத்துக்குப் போய் நின்றது.

நீதி: புதிய கலைஞரைப் பற்றி நாலு பேரிடம் சொல்லத்தான் வேண்டும். அவர் பாட்டை நிறுத்தும்வரை பொறுத்திருந்து சொன்னால், நம் ரசனையை அவர் இனி ஒருபோதும் கெடுக்க முடியாது.